கோத்தா திங்கிப் பக்கம் ஒரு குளம்

"அண்ணே, வர்ற சனிக்கிழமை குளத்த வத்த வைக்கப் போறோம். நீங்க வந்தே ஆகணும்" என்று தங்கை தொலைபேசியில் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. குளம் வற்றுவதைப் பார்க்க ஒரு பயணமா? ஆனாலும் வயதான காலத்தில் கூப்பிடும் தங்கை வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியுமா? வெள்ளிக்கிழமை காலையில் பசியாறிவிட்டு லார்கின் நிலையத்தில் கோத்தா திங்கிப் பேருந்து ஏறிவிட்டேன்.

இந்தச் சாலையில் ஒரு காலத்தில் இரு பக்கமும் கித்தா மரமாக இருந்ததை அறிந்தவர்களுக்கு இப்போது வழி அடையாளமே தெரியாது. எங்கு பார்த்தாலும் செம்பனை. செம்பனை முடிகிற இடத்தில் புது வீடுகள். கண்ணாடியில் தலையைச் சாய்த்தபடி, எந்தத் தோட்டம் எங்கே இருந்தது என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்.

கோத்தா திங்கியில் இறங்கியதும் நேரே தோட்டத்துக்குப் போகவில்லை. ஊரை அடுத்துள்ள கம்போங் மாக்காமுக்கு ஒரு நடை போய் வந்தேன். ஜொகூரில் பிறந்தவர்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய இடம் அது. அங்கேதான் 1699ஆம் ஆண்டில் கொலையுண்ட சுல்தான் மாமுட்டின் சமாதி இருக்கிறது. ஜொகூரை ஆண்ட மலாக்கா அரச வழியில் வந்த கடைசிச் சுல்தான் அவர். அவர் கதை நம் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடத்திலேயே தெரியும். ஆனாலும் சமாதியின் அருகில் நின்று நினைக்கும்போது அது வேறு மாதிரிதான் இருக்கிறது.

செவிவழிக் கதை இப்படிப் போகிறது. மெகாட் ஸ்ரீ ராமா என்ற தளபதி கடற்கொள்ளையரை அடக்கப் போயிருக்கிறான். வீட்டில் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. அரண்மனைத் தோட்டத்துப் பலாப்பழம் ஒன்று அவள் கண்ணில் படுகிறது. வாய் ஊறுகிறது. காவலனிடம் கெஞ்சி ஒரு சுளை வாங்கித் தின்றுவிடுகிறாள். அரசருக்கென்று வைத்த பழத்தைத் தொட்டது குற்றம் என்று அவள் வயிற்றைக் கீறச் சொன்னாராம் சுல்தான். திரும்பி வந்த தளபதி, வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குத் தோளில் சுமந்து செல்லப்பட்ட சுல்தானைக் குத்திச் சாய்த்தான். சாகும் நேரத்தில் சுல்தான் எறிந்த கிரீசு அவன் காலில் பட, அவனும் மாண்டான் என்று சொல்வார்கள். பிள்ளை இல்லாமல் இறந்த அந்தச் சுல்தானோடு ஒரு வம்சம் முடிந்தது. பெண்டஹாரா அப்துல் ஜலீல் அரியணை ஏறினார்.

பலாச்சுளைக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு என் அப்பா நினைவுதான் வரும்.

1964இல் நாங்கள் வேறொரு தோட்டத்தில் இருந்தோம். அது எந்தத் தோட்டம் என்பது இங்கே வேண்டாம். எனக்கு ஒன்பது வயது. தங்கை பிறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அம்மாவுக்கு உடம்பு தேறவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு விரால் சூப்பு வைத்துக் கொடுத்தால் புண் ஆறும் என்று லயத்துப் பாட்டிகள் சொன்னார்கள். மலாய்க்காரர்கள் அதையே ஹாருவான் என்பார்கள், அவர்களும் அதற்குத்தான் கொடுப்பார்கள். சந்தையில் வாங்கக் கையில் காசில்லை. துரை பங்களாவுக்குக் கீழே அழகான குளம் ஒன்று இருந்தது. அல்லி பூத்திருக்கும். துரையின் நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தூண்டில் வீசுவார்கள். அப்பா இருட்டியதும் போய்த் தவளையை இரையாக வைத்துத் தூண்டில் போட்டிருக்கிறார். முழங்கை நீளத்தில் ஒரு விரால். எடுத்துக்கொண்டு திரும்பும்போது ஜாகா பிடித்துவிட்டான்.

மறுநாள் பெரட்டில் எல்லோர் முன்னாலும் அப்பாவை நிற்க வைத்தார்கள். மூன்று நாள் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர் அன்று முழுதும் எழுந்திருக்கவில்லை. அந்த மீன் என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அம்மாவுக்குக் கருவாட்டுக் குழம்புதான் கிடைத்தது. வயிறு கீறப்படவில்லை என்பதுதான் அந்தப் பலாச்சுளைக்கும் எங்கள் விராலுக்கும் உள்ள வித்தியாசம்.

அன்று பிறந்த தங்கைதான் இன்று என்னைக் குளத்துக்கு அழைத்தவள்.

தங்கை வாழ்க்கைப்பட்ட தோட்டத்தில் ஒரு காலத்தில் 90 குடும்பங்கள் இருந்தன. இப்போது தமிழ்க் குடும்பங்கள் 14. மற்ற வீடுகளில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். கோயில் இருக்கிறது. பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் வாழைதான் நிற்கிறது. குளம், பழைய ரப்பர் ஆலைக்குத் தண்ணீர் எடுப்பதற்காக வெட்டியது. கித்தாவை அழித்துச் செம்பனை நட்டபின் ஆலை மூடப்பட்டது. குளத்தைக் கேட்பாரில்லை. கரை சரிந்து, ஆகாயத்தாமரை மண்டி, சேறு இடுப்பளவு ஏறிவிட்டது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியை மூழ்கடித்த பெருவெள்ளத்தில் ஓடைத் தண்ணீர் உள்ளே புகுந்து, எங்கெங்கோ இருந்த மீன்களையெல்லாம் கொண்டுவந்து சேர்த்துவிட்டது என்று மாப்பிள்ளை சொன்னார். கெட்டதிலும் ஒரு நல்லது போலும்!

இந்தக் குளத்தை மூன்று ஆண்டுகளுக்கு மீன் வளர்த்துக்கொள்ளலாம் என்று நிர்வாகம் 14 குடும்பத்துக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறது. அங்கே தொடங்கியது வம்பு.

அன்று இரவு கோயில் முன்னால் கூட்டம். கூட்டம் என்றால் பிளாஸ்டிக் நாற்காலிகள் பத்து, நின்றுகொண்டு பேசுபவர்கள் இருபது பேர். ஒருவர் சொன்னார்: "டவுன் தவுக்கே வருசத்துக்கு ரெண்டாயிரம் வெள்ளி தர்றேங்கிறான். குடுத்துட்டுப் பேசாம இருப்போம்." இன்னொருவர், "நம்ம குளத்துல நாமளே தூண்டில் போடக் கூடாதுன்னு அவன் போர்டு வைப்பான். பழைய கதைதான்" என்றார். இளைஞர்கள், அவரவர் பிடிப்பது அவரவருக்கு என்றார்கள். அப்படியென்றால் ஆண் துணை இல்லாத வீட்டுக்கு என்ன என்று ஒரு அம்மா கேட்டார். அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மாப்பிள்ளை மட்டும் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: "மீனப் பத்தி அப்புறம் பேசலாம்யா. சேறு யார் அள்றது?"

என்னைப் பார்த்து, "மச்சான், நீங்க நாலு எடம் பாத்தவங்க. சொல்லுங்க" என்றார். நானும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அங்கே சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போனால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

குளத்து மீன் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு இன்று நேற்று வந்ததல்ல. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமே இதைப் பேசுகிறது. நீர்த்தேக்கத்தில் இருக்கும் மீனும், ஓடத்துக் கூலியும், அங்கே விளையும் கீரையும் அரசனுக்கு உரியவை என்கிறது அந்நூல். கேட்டதும் கூட்டத்தில் ஒருவர், "பாத்தீங்களா, அப்பவே துரை இருந்திருக்கான்" என்றார். ஆனால் அதே நூல் இன்னொன்றும் சொல்கிறது. புதிதாகக் குளம் அமைத்தவனுக்கு ஐந்து ஆண்டு வரி கிடையாது. பாழாய்ப் போனதைச் செப்பனிட்டவனுக்கு நான்கு ஆண்டு. துன்பக் காலம் அல்லாதபோது ஐந்து ஆண்டு ஒருவன் தன் குளத்தைப் பயன்படுத்தாமல் போட்டுவைத்தால் அவனுக்கு உரிமையே போய்விடும். குளத்தைப் பேணாதவனுக்குக் குளம் இல்லை.

சோழர் காலத்துக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டுக்குப் போனபோது, கூட வந்தவர்கள் பட்டுச்சேலைக் கடைக்குப் போன நேரத்தில் நான் காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூருக்குப் பேருந்து ஏறிவிட்டேன். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, 919லும் 921லும் பொறிக்கப்பட்டவை. குடவோலை முறை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஊரை முப்பது குடும்பாகப் பிரித்து, தகுதியானவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். அப்படி எடுக்கப்பட்டவர்களில் ஆறு பேர் ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே தனிக் குழு! பதவி 360 நாள்தான். இதில் எனக்குப் பிடித்தது ஒரு விதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவன் மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய சொந்தக்காரன் பெயரையும் போடக் கூடாது. இதைச் சொன்னதும் கூட்டத்தில் ஒரே சிரிப்பு. யாரை நினைத்துச் சிரித்தார்கள் என்பது எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை.

அந்த ஏரிக்கு வைரமேக தடாகம் என்று பெயர். பல்லவ மன்னன் தந்திவர்மனின் பட்டப் பெயரால் வந்தது. நான் போனபோது கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், "மீன் யாருக்குங்க?" என்று கேட்டேன். "மீன்பாசி ஏலம் எடுத்தவனுக்கு" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டு நான் அங்கேயே நின்றுவிட்டேன். சோழர் கல்வெட்டுகளில் பாசிப்பாட்டம் என்று ஒரு வரி வருகிறது. குளத்தில் மீன் பிடிக்கும் குத்தகைக்குக் கொடுக்கும் பணம் அது. ராஜாக்கள் போய், கும்பினி போய், வெள்ளைக்காரனும் போய்விட்டான். பாசி என்ற அந்தச் சொல் மட்டும் ஏரிக்கரையை விட்டுப் போகவில்லை.

அந்த மீன் பணம் எங்கே போயிற்று என்பதுதான் விசயம். அரசனுக்கும் போயிற்று, கோயிலுக்கும் போயிற்று. ஆனால் மீன் குத்தகையில் வந்ததை அந்த ஏரியைத் தூர் வாருவதற்கும் கரையை உயர்த்துவதற்குமே ஒதுக்கி வைத்த கல்வெட்டுகள் தமிழகத்தில் பல உண்டு. ஏரிக்குள் ஓடம் விட்டுச் சேற்றை அள்ளிக் கரையில் கொட்ட நிலம் எழுதி வைத்தவர்களும் உண்டு. ஏன் இவ்வளவு கவலை? மழைத் தண்ணீர் வரும்போது வண்டலையும் இழுத்துக்கொண்டு வருகிறது. ஆண்டுக்கு ஒரு விரல் அளவு படிந்தாலும் ஒரு தலைமுறைக்குள் ஏரி தட்டாகிவிடும். தண்ணீர் குறைந்தால் நெல்லும் இல்லை, மீனும் இல்லை. மீன் பணம் சேற்றுக் கூலி ஆனது. சேறு போன இடத்தில் தண்ணீர் நின்றது. தண்ணீர் நின்ற இடத்தில் மறுபடி மீன்.

நம் கடாரம் வரை கப்பலனுப்பிய ராஜேந்திர சோழனை எல்லோருக்கும் தெரியும். 1025 வாக்கில் நடந்த படையெடுப்பு அது. அவன் தன் புதுத் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரத்தின் பக்கத்தில் வெட்டிய ஏரிக்குச் சோழகங்கம் என்று பெயர். கங்கைக்கரை வரை சென்ற வெற்றிக்குக் கல்லில் தூண் நாட்டாமல் நீரில் தூண் நாட்டினான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு பெருமைப்படுகிறது. இன்று அதைப் பொன்னேரி என்கிறார்கள். காலப்போக்கில் அதுவும் தூர்ந்து, பெரும் பகுதி நிலமாகிப்போனது. கடாரம் கொண்டவன் ஏரியையே சேறு விடவில்லை, நம் தோட்டத்துக் குளத்தை விடுமா?

இலங்கையிலும் இப்படித்தான். அங்கே குளம் கட்டிய அரசர்கள் தண்ணீருக்கு ஒரு பங்கு, மீனுக்கு ஒரு பங்கு என்று வசூலித்ததைப் பழைய பிராமி கல்வெட்டுகளே சொல்கின்றன. 1187 முதல் 1196 வரை பொலன்னறுவையிலிருந்து ஆண்ட நிசங்க மல்லன் இதற்கு நேர்மாறாக, பன்னிரண்டு பெரிய குளங்களின் மீன்களுக்கு அபயம் கொடுத்தேன் என்று கல்லில் வெட்டிவைத்தான். பிடிக்கவே கூடாதாம். புத்த தர்மம். குளத்தங்கரைக் குடியானவன் அதை எப்படி எடுத்துக்கொண்டான் என்று கல் சொல்லவில்லை! கருநாடகப் பக்கம் கல்யாணியில் இருந்து ஆண்ட மூன்றாம் சோமேசுவரன் இன்னொரு ரகம். 1130ஐ ஒட்டி அவன் தொகுத்த மானசோல்லாசம் என்ற நூலில் மீன் பிடிப்பதற்கென்றே ஒரு பகுதி எழுதி, முப்பத்தைந்து வகை மீனைப் பெயர் சொல்லி, எதற்கு எந்த இரை போடுவது என்றும் சொல்லியிருக்கிறான். ராஜாவாக இருந்தாலும் தூண்டில் பைத்தியம் பைத்தியம்தான்.

நமக்குப் பக்கத்து ஜாவாவையும் விட முடியாது. பத்து பகாட், பொந்தியான் பக்கம் ஜாவானிய அண்டை வீட்டார் இல்லாத தமிழர் உண்டா? ஜாவாவில் மஜாபாகித் அரசு இருந்த திரோவுலானில் செகாரான் என்று ஒரு அரச குளம் இன்றும் செங்கற்கரையோடு இருக்கிறது. விருந்துக்கு வந்த சீனத் தூதர்கள் எதிரில் அரசன் தன் செல்வத்தைக் காட்டத் தங்கத் தட்டுகளை அதில் வீசினான் என்று ஊரார் கதை சொல்வார்கள். 1400ஐ ஒட்டிய ஜாவானியச் சட்டத் தொகுப்பொன்றில், நன்னீர்க் குளத்திலோ உப்புநீர்க் குளத்திலோ மீன் திருடினால் தண்டனை என்று இருக்கிறது. உப்புநீர் மீன்குளத்துக்கு அவர்கள் சொல்வது தம்பாக். நமக்குத் தம்பாக் என்றால் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் அந்தப் பாலம், 1924இல் திறந்த தம்பாக் ஜொகூர். கரை என்பதுதான் சொல்லின் மூலப் பொருள். அவர்கள் அந்தக் கரைக்குள் மீனை அடைத்தார்கள். நாம் அதன் மேல் காலை ஐந்து மணிக்கே மோட்டார் சைக்கிளில் வரிசை பிடித்து நிற்கிறோம்.

நம் துரைமாரின் முன்னோர்களும் சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்தில் வில்லியம் அரசன் 1069 வாக்கில் யார்க் நகரில் ஆற்றை மறித்துத் தனக்கென்று ஒரு மீன்குளம் உண்டாக்கியபோது, ஊராரின் உழவு நிலமும் ஆலைகளும் தண்ணீருக்குள் போயின. 1086இல் எழுதிய நிலக் கணக்கில் அது பதிவாகி இருக்கிறது. வெள்ளிக்கிழமையும் நோன்பு நாளும் இறைச்சி கூடாது என்பதால் அரண்மனைக்கு மீன் கட்டாயம். வளர்க்க ஒரு குளம், பிடித்ததைச் சமையலுக்கு உயிரோடு வைத்திருக்க இன்னொரு சின்னக் குளம் என்று இரண்டு வைத்திருந்தார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தண்ணீரை முழுதும் திறந்துவிட்டு, அடிமண்ணைக் காயப் போட்டு, சில இடங்களில் அதில் பயிரும் வைத்து, பிறகு மறுபடி நிரப்புவார்கள். செக் நாட்டில் திரெபோன் என்ற ஊரில் 1590இல் வெட்டி முடித்த பெரிய பண்ணைக் குளத்தை இன்றும் இலையுதிர் காலத்தில் வற்ற வைத்து மீன் பிடிப்பதும், அதை ஊரே கூடி வேடிக்கை பார்ப்பதும் உண்டு.

இவ்வளவும் சொல்லி முடித்ததும் ஆண் துணை இல்லாத அந்த அம்மா, "அப்ப மொத மீனு காசு சேத்துக்குத்தான்னு எழுதிடுங்க" என்றார். நான் அரை மணி நேரம் பேசியதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். தவுக்கே பேச்சு அதோடு நின்றது என்று நினைக்காதீர்கள். பதினொரு மணி வரை நடந்தது. கடைசியில் கையெழுத்துப் போட்டவர்கள் பன்னிரண்டு வீடு. இரண்டு வீட்டுக்காரர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்று போய்விட்டார்கள்.

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே தூம்பைத் திறந்துவிட்டார்கள். தூம்பு வாயில் வலை கட்டியாயிற்று, இல்லாவிட்டால் மீன் தண்ணீரோடு ஓடைக்குப் போய்விடும். பழைய பலகை மதகு பாதிதான் திறந்தது, மீதித் தண்ணீரைப் பம்பு வைத்து இறைத்தார்கள். பத்து மணிக்கெல்லாம் நடுக் குளத்தில் மட்டும் ஒரு பாய் அளவு தண்ணீர். அதற்குள் மீன் கொதித்தது. வேறு சொல் கிடைக்கவில்லை, உண்மையிலேயே உலை கொதிப்பது போலத்தான் இருந்தது. சிறுவர்கள் இறங்கிவிட்டார்கள். வங்காளதேசத் தொழிலாளர் சிலரும் வேலை முடித்து வந்து கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். அவர்கள் சேற்றில் மீனைத் தடவிப் பிடிக்கிற லாவகத்தைப் பார்க்க வேண்டும், நம் பையன்கள் தோற்றார்கள். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் கோடையில் கண்மாய் வற்றும்போது ஊரெல்லாம் கூடி மீன்பிடித் திருவிழா நடத்துவார்கள். அது எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

கிடைத்ததில் முக்கால் பங்கு திலாப்பியா. உள்ளங்கையை விடப் பெரிதாக ஒன்றுகூட இல்லை. இந்த மீனுக்கு ஒரு கதை உண்டு. ஆப்பிரிக்காவில் பிறந்தது. 1939இல் கிழக்கு ஜாவாவில் ஓர் ஆற்று முகத்துவாரத்தில் முஜாயிர் என்பவர் கண்டெடுத்து நன்னீரில் வளர்த்துக் காட்டினார். அங்கே இன்றும் அதற்கு அவர் பெயர்தான். ஜப்பான்காரன் ஆட்சியில் நம் நாட்டுக்கு வந்தது. பஞ்சத்தில் மரவள்ளிக்கிழங்கோடு வயிற்றை நிரப்பிய மீன் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தமிழ்நாட்டுக்கு 1952இல் போய்ச் சேர்ந்து, ஜிலேபிக் கெண்டை என்ற இனிப்பான பெயரை வாங்கிக்கொண்டது. தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காக்கும். அதனால் சாவு குறைவு, கூட்டம் அதிகம். கூட்டம் மிஞ்சினால் இரை போதாமல் எல்லாமே குட்டையாய் நின்றுவிடும். கண்டுகொள்ளாமல் விட்ட குளத்தில் திலாப்பியா ஆயிரம் இருக்கும், குழம்புக்கு ஆவது பத்து இருக்காது.

அதோடு கெலி, செப்பாட், பனையேறி, அடிச்சேற்றில் சில விரால்கள். வீரால் குஞ்சுத் திலாப்பியாவைத் தின்று கூட்டத்தைக் குறைக்கும் என்பதால் இரண்டொன்றை விட்டுவைக்கலாம் என்றார் மாப்பிள்ளை. புதிதாக விடப்போகும் சிறு குஞ்சுகளையும் அதுதானே தின்னும் என்றான் அவர் மகன். இரண்டும் சரி. குஞ்சு விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்தபிறகு விராலை விடலாம் என்று முடிவாயிற்று.

இதற்குப் பிறகு செய்யப்போவதை மருமகன் எனக்கு விளக்கினான். மண்வாரி இயந்திரத்தை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துச் சேற்றை அள்ளிக் கரையில் போடுவார்கள். அந்தக் கரையில் வாழையும் தண்டங்கீரையும் வைப்பது பெண்கள் பொறுப்பு. பிறகு அடிமண் வெடிக்கிற வரை காய விட்டுச் சுண்ணாம்பு தூவ வேண்டும். ஜொகூர் மண்ணில் புளிப்பு அதிகம், சுண்ணாம்பு இல்லாமல் மீன் தேறாது. தண்ணீர் விட்டு, அது இளம் பச்சையாக மாறிய பிறகுதான் குஞ்சு. விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் பசி என்று நினைத்து இரை போடக் கூடாது. தண்ணீரில் காற்றுப் பிராணம் குறைந்துவிட்டது என்று அர்த்தம், உடனே புதுத் தண்ணீர் விட வேண்டும். மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு எழுதி வைத்திருக்கிறான்.

நான் ஒன்றைச் சேர்த்தேன். மருந்தடிக்கிற தோம்பை இந்தக் குளத்தில் கழுவுவது அன்றோடு நிற்க வேண்டும். பாராகுவாட் 2020 ஜனவரி முதல் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது, ஆனால் மற்றக் களைக்கொல்லிகள் இருக்கின்றனவே. அந்தத் தோம்பைக் கழுவிய தண்ணீரில் வளர்ந்த மீனை நம் பிள்ளைதானே தின்னப் போகிறது? தங்கை இதைக் கேட்டுவிட்டு, "நாப்பது வருசமா நானே அங்கதான் கழுவினேன்" என்றாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

மத்தியானம் கரையில் விற்பனை. கோத்தா திங்கியிலிருந்து இரண்டு மீன் வியாபாரிகள் வேனில் வந்திருந்தார்கள். தோட்டத்தில் இருந்த எல்லோரும், பிடிக்க இறங்கிய வங்காளதேசத்துப் பையன்கள் உட்பட, குழம்புக்கு ஒரு பங்கு இலவசமாக எடுத்துக்கொண்டார்கள். மீதி எல்லாம் விலைக்குத்தான், நாற்பது பக்க நோட்டில் கணக்கு, பணம் பிஸ்கட் தகரத்தில். தகரத்தின் மூடியில் யாரோ 'சேறு' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள்.

நான் கிளம்பும் நேரத்தில் மருமகன் ஒரு விராலைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்தான். முழங்கை நீளம் இருந்தது. "மாமா, இது உங்களுக்கு." நான் பணப்பையை எடுத்தேன். அவன் வாங்க மறுத்தான். விருந்தாளியிடம் காசு வாங்குவதா என்று மாப்பிள்ளையும் சண்டைக்கு வந்தார். எடை போடு என்றேன். போட்டான். ஒன்று கால் கிலோ. முப்பது வெள்ளியைத் தகரத்தில் போட்டேன்.

அவன் நோட்டை விரித்துக்கொண்டு, "யார் பேர்ல எழுதறது, மாமா?" என்றான்.

நான் அப்பா பெயரைச் சொன்னேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்தான். தங்கை, "எழுதுடா" என்றாள்.